திருவக்கரை கல்மரம் முதல் நிலவின் மண் வரை: விஞ்ஞானிகள் பூமியையும் வானத்தையும் ஏன் இவ்வளவு ஆர்வமாகப் பார்க்கிறார்கள்?

வானூர் வட்டத்தில் உள்ள திருவக்கரைக்குப் போனவர்கள் அந்தக் கட்டைகளைப் பார்த்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ வெட்டிப் போட்டுவிட்டு எடுக்க மறந்த மரம் போலக் கிடக்கும். வரி வரியாக நார் தெரியும். சில இடங்களில் கிளை முளைத்த கணு தெரியும். குறுக்குவெட்டில் வளையங்கள் தெரியும். குனிந்து தொட்டால்தான் அது மரமில்லை, கல் என்பது புரியும்.

குடும்பத்தோடு வருகிறவர்கள் ஒரு படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். "வெறும் கல்தானே, இதுக்கு எதுக்கு வேலி?" என்று கேட்பவர்களும் உண்டு. இதே கட்டைகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் 240 ஆண்டுகளுக்கும் மேலாக வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்கு மட்டும் இதில் என்ன தெரிகிறது? நிலவுக்கு விண்கலம் அனுப்புவதற்கும், கடலுக்கு அடியில் துளை போடுவதற்கும், பனிப்பாறையை வெட்டி எடுப்பதற்கும் மனிதன் ஏன் இத்தனை பாடுபடுகிறான்?

இதற்குப் பதில் தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. நம் வானூர் வட்டாரத்தின் மண்ணிலேயே பெரும்பகுதி பதில் இருக்கிறது. அந்தப் பதிலில் நம் வீட்டுக் குடிநீரும் சேர்ந்திருக்கிறது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

மரம் எப்படிக் கல்லாகும்?

திருவக்கரை ஊருக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது தேசிய கல்மரப் பூங்கா. ஏறத்தாழ 247 ஏக்கர் பரப்பு. இந்திய புவியியல் ஆய்வுத் துறையின் பராமரிப்பில் உள்ளது. நாட்டின் தேசிய புவியியல் நினைவுச் சின்னங்களில் இதுவும் ஒன்று. இங்கே ஏறத்தாழ 200 கல்மரங்கள் இருக்கின்றன. சில கட்டைகள் 15 மீட்டர் வரை நீளம் கொண்டவை. இவற்றின் வயது ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகள்.

ஒரு மரம் விழுந்தால் சாதாரணமாக என்ன நடக்கும்? கரையான் அரிக்கும், பூஞ்சை பிடிக்கும், சில ஆண்டுகளில் மண்ணோடு மண்ணாகிவிடும். விழுந்த மரம் உடனே மணலுக்கும் சேற்றுக்கும் அடியில் ஆழமாகப் புதைந்துபோனால் கதை வேறு. அங்கே காற்று போகாது, எனவே மக்கிப்போவது மிக மெதுவாகிவிடும். மணலுக்குள் ஊறும் நிலத்தடி நீரில் சிலிக்கா என்ற பொருள் கரைந்திருக்கும். மணலும் கண்ணாடியும் எதனால் ஆனவையோ அதே பொருள்தான். அந்த நீர் மரத்தின் நுண்ணிய அறைகளுக்குள் புகுந்து, சிலிக்காவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படியவிடும். மரத்தின் பொருள் போகப் போக அந்த இடத்தைக் கல் பிடித்துக்கொள்ளும். உருவம் மட்டும் அப்படியே நிற்கும்.

இதில் விஞ்ஞானிகளை வியக்க வைப்பது, மரத்தின் வெளித்தோற்றம் மட்டுமல்லாமல் உள்ளே இருக்கும் அறைகளின் அமைப்பும் அழியாமல் இருப்பதுதான். கல்மரத்தை மிக மெல்லிய சீவலாக அறுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு, அதாவது சுமார் 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்ப்பார்கள். நுண்ணோக்கியில் வைத்தால் நீர் ஏறிய குழாய்கள் தெரியும். அதை இன்றைய மரங்களின் அமைப்போடு ஒப்பிட்டால், இது எந்தக் குடும்பத்து மரம் என்று சொல்லிவிடலாம்.

அப்படித்தான் இந்த வட்டாரத்துக் கல்மரம் ஒன்றை ஊசியிலை மர வகை என்று இந்தியத் தொல்தாவரவியலின் முன்னோடியான பீர்பல் சாஹ்னி 1931-ல் வகைப்படுத்தினார். 1950-களில் சி.ஜி.கே. ராமானுஜம் புதுச்சேரியைச் சுற்றியும் தென்னார்க்காட்டிலும் கிடைத்த கல்மரங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து வெளியிட்டார். புளியமரத்தின் உறவுகள், மருது, கடுக்காய் மரங்களின் உறவுகள் எனப் பலவும் அடையாளம் காணப்பட்டன. அவற்றில் ஒரு பிரிவு மிக முக்கியமானது. இன்று மேற்குத் தொடர்ச்சி மலையிலும் தென்கிழக்கு ஆசியாவின் மழைக்காடுகளிலும் வானுயர வளரும் டிப்டிரோகார்ப் குடும்பத்து மரங்கள் அவை.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். இன்று முந்திரியும் சவுக்கும் முட்புதரும் வளரும், கோடையில் ஏரியெல்லாம் வறண்டு கிடக்கும் பகுதி இது. இந்த நிலத்தை வந்தடைந்த ஆறுகள் ஒரு காலத்தில் அடர்ந்த மழைக்காட்டின் மரங்களைச் சுமந்து வந்திருக்கின்றன. நம் கண்ணெதிரே இருக்கும் சூழல் நிலையானது இல்லை, அது மாறும், மாறியிருக்கிறது. இதை எந்தப் புத்தகத்தையும் விட உறுதியாக அந்தக் கட்டைகள் சொல்கின்றன.

இங்கே முளைத்த மரங்களா?

"ஆறுகள் சுமந்து வந்த மரங்கள்" என்று எப்படிச் சொல்ல முடியும், இங்கேயே முளைத்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கல்மரங்களைக் கவனித்துப் பார்த்தால் எல்லாமே படுத்த நிலையில் கிடக்கின்றன. வேர் இல்லை, கிளை இல்லை, பட்டையும் இல்லை. முளைத்த இடத்திலேயே கல்லாகியிருந்தால் அடிமரமும் வேரும் நிலத்தில் நின்றிருக்க வேண்டும். வேறோரிடத்தில் வளர்ந்த மரங்கள் பெரு வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, வழியெல்லாம் உரசி, கிளையும் பட்டையும் உரிந்து, இங்கே மணலில் புதைந்தன என்பதே அதற்குப் பொருத்தமான விளக்கம்.

விஞ்ஞானம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இது எளிய உதாரணம். அந்த வெள்ளத்தை யாரும் பார்க்கவில்லை. ஆனால் அது விட்டுப்போன தடயத்தை யார் வேண்டுமானாலும் போய்ச் சரிபார்க்கலாம். தடயத்தோடு ஒத்துப்போகாத விளக்கத்தைக் கைவிட வேண்டும். போலீஸ் துப்பறிவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சம்பவம் நடந்து 2 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதுதான் வித்தியாசம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கேட்கப்பட்ட கேள்வி

இப்படிக் கல்லைப் பார்த்துக் கேள்வி கேட்பது ஐரோப்பியர் தொடங்கிவைத்தது என்று பலரும் நினைக்கிறோம். திருவக்கரைக் கல்மரங்களை 1781-ல் முதன்முதலில் பதிவு செய்தவர் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் என்பது உண்மைதான். ஆனால் கேள்வி அதைவிட மிகப் பழையது.

மருத்துவ மேதையாக நாம் அறிந்த இப்னு சீனா, 1037-ல் மறைந்தவர். தம்முடைய 'கிதாபுஷ் ஷிஃபா' நூலில் மலைகளும் கற்களும் எப்படி உருவாகின்றன என்று ஒரு பகுதியே எழுதியிருக்கிறார். சிறுவயதில் ஆமூ நதிக்கரையில் தலை தேய்த்துக் குளிக்கப் பயன்படுத்தும் களிமண்ணைப் பார்த்ததாகவும், சுமார் 23 ஆண்டுகள் கழித்து அது மென்மையான கல்லாக மாறியிருந்ததைக் கண்டதாகவும் பதிவு செய்கிறார். தாவரங்களும் விலங்குகளும் கல்லாக மாறுவதையும் விளக்க முயல்கிறார்.

அவர் காலத்தவரான அல்பிரூனி இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில் இன்னொரு கவனிப்பு இருக்கிறது. மலைக்கு அருகே, ஆறு வேகமாகப் பாயும் இடத்தில் கற்கள் பெரிதாக இருக்கின்றன. தூரம் போகப் போகச் சிறிதாகின்றன. கடலை நெருங்கும்போது மணலாகிவிடுகின்றன. இதை வைத்து, வட இந்தியச் சமவெளி ஒரு காலத்தில் கடலாக இருந்து, ஆறுகள் கொண்டுவந்த வண்டலால் நிரம்பியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். இதே அல்பிரூனிதான் இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள நந்தனா கோட்டையில் நின்று, மலையின் உயரத்தையும் அடிவானம் தாழ்ந்து தெரியும் கோணத்தையும் கொண்டு பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டவர்.

ஆற்று மணலைப் பார்த்த அதே கண்தான் அடிவானத்தையும் பார்த்தது. மண்ணுக்கு ஒரு அறிவு, வானத்துக்கு வேறொரு அறிவு என்று அவர்கள் பிரித்துக்கொள்ளவில்லை. இன்றைய விஞ்ஞானிகளும் அப்படித்தான் என்பதை இனிப் பார்ப்போம்.

'வானூர்' என்ற பெயரில் ஒரு பாறை

நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. உலகப் புவியியல் ஆய்வேடுகளில் 'வானூர் மணற்பாறை' என்றே ஒரு பாறை அடுக்குக்குப் பெயர் இருக்கிறது. அதேபோல் ஒட்டை, வழுதாவூர், கரசூர், மணவெளி என நாம் பஸ்ஸில் கடந்துபோகும் ஊர்களின் பெயர்களெல்லாம் பாறை அடுக்குகளின் பெயர்களாக நிற்கின்றன. அடியில் வானூர் மணற்பாறை, அதன்மேல் ஒட்டைக் களிப்பாறை, அதற்கும் மேல் வழுதாவூர்ப் பாறை என்று வரிசை போகிறது. எல்லாவற்றுக்கும் மேலே கல்மரங்களைக் கொண்ட கடலூர் மணற்பாறை. இந்த அடுக்குகள் தென்கிழக்கே கடலை நோக்கிச் சரிந்து போகின்றன.

கீழே உள்ள அடுக்குகள் டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தைச் சேர்ந்தவை. அப்போது இந்தப் பகுதி கடலோரமாகவும் கடலுக்கு அடியிலும் இருந்தது. அதனால் இங்கே கிடைப்பவை கடல் உயிரினங்களின் எச்சங்கள். சிப்பிகளும் நத்தைகளும், சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த அம்மோனைட்டுகளும் கிடைக்கின்றன. 1840-களில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய கேயும் கன்லிஃபும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் இவற்றைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்டு ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846-ல் வெளியிட்டார். அன்று முதல் இந்த வட்டாரத்தின் ஓடைகளும் கிணற்று மண்ணும் உலகின் பல பல்கலைக்கழகங்களில் பேசப்படுகின்றன.

கடல் எங்கே, வானூர் எங்கே என்று தோன்றலாம். அந்தக் காலத்தில் இந்தியாவே இன்றைய இடத்தில் இல்லை. மடகாஸ்கரைப் பிரிந்து, இந்தியப் பெருங்கடலில் ஒரு பெரிய தீவு போல வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. ஆசியாவோடு மோதி இமயமலை எழும்பியது அதற்கு வெகு காலம் பிறகு.

வானத்திலிருந்து விழுந்த அடி

வழுதாவூர்ப் பாறையில் அம்மோனைட்டுகள் கிடைக்கின்றன. அதைவிட இளைய கரசூர்ப் பாறையின் காலத்துக்கு வந்தால் அவை உலகத்தில் எங்குமே இல்லை. இடையில் என்ன நடந்தது?

இது வானூரின் கேள்வி மட்டும் இல்லை. 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் உலகெங்கும் ஒரே சமயத்தில் பெரும் அழிவு நடந்திருக்கிறது. டைனோசர்கள் போயின, அம்மோனைட்டுகள் போயின, கடலில் மிதந்த நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை போயின. காரணம் நீண்ட காலம் தெரியவில்லை.

1980-ல் இயற்பியலாளர் லூயிஸ் ஆல்வரெஸும் அவர் மகன், புவியியலாளர் வால்டர் ஆல்வரெஸும் தங்கள் சகாக்களோடு ஒரு விடையை வெளியிட்டார்கள். இத்தாலியின் குப்பியோ ஊர் அருகே, அந்தக் காலத்து எல்லையில் விரல் அகலத்துக்கு ஒரு களிமண் படலம் இருந்தது. அதில் இரிடியம் என்ற உலோகம் வழக்கத்தைவிடப் பல மடங்கு இருந்தது. இரிடியம் பூமியின் மேலோட்டில் மிக அரிது, விண்கற்களில் அதிகம். எனவே சுமார் 10 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு விண்பாறை பூமியில் மோதியிருக்க வேண்டும் என்றார்கள். எளிதில் யாரும் ஏற்கவில்லை. பிறகு மெக்சிகோவின் சிக்சுலுப்பில், கடலுக்கும் நிலத்துக்கும் அடியில் மறைந்திருந்த ஏறத்தாழ 180 கிலோமீட்டர் அகலப் பள்ளம் அடையாளம் காணப்பட்டது. இந்தியாவிலும் மேகாலயத்தின் ஒரு ஆற்றுப் படுகையில் இரிடியம் மிகுந்த அந்தப் படலம் கிடைத்தது. அதே காலகட்டத்தில் நம் தக்காணத்தில் பெரும் எரிமலைக் குழம்பு வெளியேறிக்கொண்டிருந்தது. அழிவில் அதன் பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்றும் நடக்கிறது.

வானூரைச் சுற்றியுள்ள பாறைகளில் அந்த எல்லைக்கு முந்திய காலமும் பிந்திய காலமும் அடுத்தடுத்து இருப்பதால்தான் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப இங்கே வருகிறார்கள். விண்வெளியில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு கல், பூமியின் உயிர் வரலாற்றையே மாற்றியிருக்கிறது. பூமியின் சூழலைப் படிக்கத் தொடங்கியவர் வானத்தைப் படிக்காமல் முடிக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

நாமக்கல் பாறையும் நிலவின் மண்ணும்

இப்போது எதிர்த் திசையில் பாருங்கள். வானத்தைப் படிக்கப் போனவர்களுக்குத் தமிழ்நாட்டு மண் தேவைப்பட்ட கதை இது.

நிலவில் இறங்கும் கலத்தையும் அதன் ஊர்தியையும் அனுப்புவதற்கு முன், நிலவின் மண்ணைப் போன்ற மண்ணில் சோதித்துப் பார்க்க வேண்டும். நம் ஆற்று மணல் அதற்கு உதவாது. நிலவின் மேட்டு நிலங்கள் பெரும்பாலும் அனார்த்தோசைட் என்ற வெளிறிய பாறையால் ஆனவை. அந்தப் பாறை நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களில் இருக்கிறது. அதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையின் உதவியோடு இஸ்ரோ அந்தப் பாறையை எடுத்து, அரைத்து, சலித்து, டன் கணக்கில் செயற்கை நிலவு மண் தயாரித்தது. அந்த முறைக்கு 2020-ல் காப்புரிமையும் கிடைத்தது.

2019-ல் சந்திரயான்-2-இன் தரையிறங்கும் கலம் நிலவில் மோதி நொறுங்கியது. அதில் கற்ற பாடத்தோடு 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென் துருவத்தை நெருங்கிய பகுதியில் பத்திரமாக இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் நம் விழுப்புரத்துக்காரர். ரயில்வே ஊழியரின் மகன். விழுப்புரத்தில் ரயில்வே பள்ளியில் படித்து, இங்கேயே டிப்ளமா முடித்து, அதன்பின் பொறியியலும் ஐஐடியில் முனைவர் பட்டமும் பெற்றவர். வசதியான பள்ளியில் படித்தால்தான் இந்த உயரத்துக்குப் போக முடியும் என்று நினைக்கும் பெற்றோருக்கு இது ஒன்றே போதும்.

அந்தக் கலத்திலிருந்து இறங்கிய பிரக்யான் ஊர்தி சுமார் 100 மீட்டர் தூரம் ஊர்ந்து 23 இடங்களில் மண்ணைச் சோதித்தது. அங்கேயும் அனார்த்தோசைட் வகை மண்ணே இருந்தது. இந்த முடிவு 2024 ஆகஸ்டில் 'நேச்சர்' ஆய்விதழில் வந்தது. இதனால் என்ன தெரிகிறது? நிலவு உருவான தொடக்கத்தில் அதன் மேற்பரப்பு முழுவதும் உருகிய பாறைக் கடலாக இருந்தது, இலேசான தாதுக்கள் பால் ஏடு போல மேலே மிதந்து இறுகின என்ற கருத்துக்கு இது வலுச்சேர்க்கிறது.

இன்னொரு கருவி மண்ணுக்குள் வெப்பத்தை அளந்தது. மேற்பரப்பில் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல். வெறும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 10 டிகிரி. ஒரு கை விரல் நீளத்துக்குள் பாலைவனமும் பனிப்பிரதேசமும். காற்றும் நீரும் இல்லாத இடம் அப்படித்தான் இருக்கும். சூரியனிடமிருந்து பூமியும் நிலவும் ஏறக்குறைய ஒரே தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் இங்கே நெல் விளைகிறது, அங்கே தூசி மட்டுமே இருக்கிறது. நம் காற்றும் கடலும் நமக்குச் செய்யும் வேலை என்னவென்று நிலவைப் பார்த்த பிறகுதான் நன்றாகப் புரிகிறது.

அதே 2023-ல், செப்டம்பர் 2 அன்று சூரியனை ஆராய ஆதித்யா எல்-1 கிளம்பியது. அதன் திட்ட இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று அது சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சூரியனில் எழும் புயல்கள் நம் செயற்கைக்கோள்களையும் மின்கட்டமைப்பையும் பாதிக்கக்கூடியவை என்பதால் இதுவும் வெறும் வேடிக்கை பார்க்கும் வேலையாகாது.

மேலே இருந்து நம் தண்ணீரை எடைபோடுவது

"எல்லாம் சரி, இதனால் எங்கள் ஊருக்கு என்ன?" என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அதற்குத்தான் மறுபடியும் வானூருக்கு வர வேண்டும்.

வானூர் மணற்பாறை அம்மோனைட்டு தேடுகிறவர்களுக்கு மட்டும் உரியது இல்லை. மணற்பாறையின் துகள்களுக்கு இடையே நுண்ணிய இடைவெளிகள் உண்டு. மழை பெய்யும்போது, அந்தப் பாறை வெளியே தெரியும் இடங்களிலும் அதன்மேல் உள்ள ஏரிகளிலும் நீர் உள்ளே இறங்குகிறது. மேலே இருக்கும் களிப்பாறை மூடி போல இருந்து அந்த நீரை அடைத்து வைக்கிறது. கடலூர் மணற்பாறையும் அப்படியே நீரைச் சேமிக்கிறது. வானூர், புதுச்சேரி வட்டாரத்தில் போர்வெல் போட்டு நாம் குடிக்கும், பாய்ச்சும் தண்ணீரில் பெரும்பங்கு இந்தப் பாறைகளுக்குள் இருந்து வருகிறது. டைனோசர் காலத்து மணல்தான் நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.

மோட்டார் வந்த பிறகு, இறங்கும் நீரைவிட எடுக்கும் நீர் அதிகமானது. நீர்மட்டம் கீழே போனது. இந்த அடுக்குகள் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால், நன்னீரின் அழுத்தம் குறையும்போது கடலோரத்தில் உப்புநீர் உள்ளே வரும். ஒருமுறை உப்பேறிய பாறையைக் கழுவிச் சுத்தம் செய்ய ஒரு தலைமுறை போதாது. வானூர், மரக்காணம் வட்டங்களில் பரவியிருக்கும் கழுவேலி ஏரியின் நிலையும் இந்த நீர்க் கணக்கோடு சேர்ந்ததுதான். அதை 2021-ல் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது.

கண்ணுக்குத் தெரியாத நிலத்தடி நீரை விண்வெளியிலிருந்தே அளக்க முடியும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 2002-ல் ஏவப்பட்ட கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறந்தன. கீழே எடை அதிகமுள்ள பகுதி வந்தால் முன்னால் போவது சற்று வேகமாக இழுக்கப்படும், இடைவெளி மாறும். அந்தச் சிறு மாற்றத்தை அளந்து, நிலத்துக்குள் நீர் கூடியதா குறைந்ததா என்று கணக்கிட்டார்கள். ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பகுதிகளில் 2002 முதல் 2008 வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் காணாமல் போனது என்று 2009-ல் வெளியான ஆய்வு நாட்டையே திடுக்கிட வைத்தது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட, இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் செயற்கைக்கோள், நிலம் சென்டிமீட்டர் கணக்கில் தாழ்வதையும் உயர்வதையும் 12 நாட்களுக்கு ஒருமுறை பதிவு செய்யும் திறன் கொண்டது. அளவுக்கு மீறி நீரை உறிஞ்சினால் நிலம் தாழும். அதுவும் மேலே இருந்து தெரிந்துவிடும்.

ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கிரேஸ் போன்றவை பல நூறு கிலோமீட்டர் பரப்பை மொத்தமாக எடைபோடுபவை. ஒரு வட்டத்தைத் தனியாக, ஒரு ஊரைத் தனியாக அவற்றால் சொல்ல முடியாது. அதற்குக் கிணற்றில் கயிறு விட்டு அளக்கும் மனிதர் தேவை. விண்வெளி அறிவும் ஊர் அறிவும் சேரும்போதுதான் கணக்கு முழுமையாகும்.

நம் கண்ணெதிரே தொலைந்துகொண்டிருப்பவை

இத்தனை செய்திகளைத் தாங்கி நிற்கும் இந்த மண் பாதுகாப்பாக இருக்கிறதா? வேலிக்குள் இருக்கும் கல்மரங்கள் ஓரளவு தப்பித்தன. கல்மரத் துண்டுகள் வேலிக்கு வெளியிலும் கிடக்கின்றன. அழகுக்காக ஒருவர் ஒரு துண்டை எடுத்துப்போகிறார், இன்னொருவர் நினைவாக ஒன்று. எடுத்துப்போன கல் வரவேற்பறையில் தூசி படிந்து கிடக்கும். எந்த அடுக்கில், எந்தத் திசை பார்த்து, எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்ற செய்தி அதோடு போய்விடும். இடம் தெரியாத கல்மரம் தேதி கிழிந்த பத்திரம் போன்றது. பார்க்கலாம், சாட்சியாக வைக்க முடியாது.

திருவக்கரையைச் சுற்றிக் கருங்கல் குவாரிகள் இருக்கின்றன. வானூர் வட்டத்தின் பல இடங்களில் செம்மண் ஆழமாகத் தோண்டப்பட்டிருக்கிறது. வீடு கட்டக் கல் வேண்டும், சாலைக்கு மண் வேண்டும், அதில் பலருக்குப் பிழைப்பும் இருக்கிறது. யாரும் மறுக்க முடியாது. ஆனால் எங்கே தோண்டலாம், எங்கே கூடாது என்பதை, அந்த மண் நீரை உள்ளே விடும் மண்ணா, புதைபடிவம் உள்ள அடுக்கா என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். புவியியல் மரபிடங்களைக் காக்க மத்திய அரசு 2022-ல் ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. சட்டம் இருந்தாலும், உள்ளூர் மக்களுக்கு மதிப்புத் தெரியாத பொருளை எந்தச் சட்டமும் நீண்ட நாள் காக்காது.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோர்கள் விடுமுறையில் பிள்ளைகளைத் திருவக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். படம் எடுப்பதோடு நிறுத்தாமல், "ஏன் எல்லா மரமும் படுத்துக் கிடக்கு? ஏன் வேர் இல்லை?" என்று கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவர்களே தேடட்டும். ஒரு துண்டைக்கூட எடுத்து வராதீர்கள். சட்டப்படியும் அது தவறு.

ஆசிரியர்கள் மாணவர்களை வைத்து ஊர்க் கிணறு ஒன்றின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை அளந்து எழுதச் செய்யலாம். ஒரு கயிறும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். ஐந்து ஆண்டு கழித்து அந்த நோட்டு ஊராட்சிக் கூட்டத்தில் எந்தப் பேச்சையும்விட வலுவாக நிற்கும்.

ஜமாஅத்துகளும் இளைஞர் அமைப்புகளும் கல்வி வழிகாட்டி முகாம்களில் மருத்துவம், பொறியியலோடு புவியியல், நீரியல், வானியல் படிப்புகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்றே தெரியாமல் நம் பிள்ளைகள் பலர் கடந்து போய்விடுகிறார்கள்.

கிணறு தோண்டும்போதோ அடித்தளம் வெட்டும்போதோ சுருள் வடிவக் கல், சிப்பி பதிந்த கல் கிடைத்தால் உடைத்து எறியாமல், கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து வைத்து, அருகிலுள்ள கல்லூரியின் புவியியல் துறைக்குச் சொல்லுங்கள்.

விஞ்ஞானிகள் ஏன் இவ்வளவு ஆர்வமாகப் பார்க்கிறார்கள் என்று கேட்டுத்தான் தொடங்கினோம். பதில் எளிது. ஒரு கல்லைச் சரியாகப் படித்தால் அது காட்டையும், கடலையும், வானிலிருந்து விழுந்த பாறையையும், நாளைய குடிநீரையும் பற்றிச் சொல்கிறது. சொன்னது உண்மையா என்று போய்ச் சரிபார்க்கவும் இடம் தருகிறது. அந்தக் கல் வேறெங்கோ இல்லை, நம் ஊரில் கிடக்கிறது. அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது பத்து நிமிடத்தில் திரும்பிவிடாமல், ஒரு மணி நேரம் நின்று பாருங்கள்.